சம்பளச் சீட்டில் பிடித்தார்கள், ஃபண்டுக்குப் போகவில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் 23 வருஷமாக வேலை பார்க்கும் 57 வயதுப் பெண் எழுதிய கடிதம் இது. தமிழும் ஆங்கிலமும் கலந்து ஆறு பக்கம் எழுதியிருந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு மாதச் சம்பளம் 11,000 ரேண்ட். அதில் ஏழரை சதவீதம், அதாவது 825 ரேண்ட், ப்ராவிடன்ட் ஃபண்டுக்கு என்று மாதாமாதம் பிடிக்கிறார்கள். நிறுவனமும் தன் பங்காக இன்னொரு 825 போட வேண்டும். 2024 செப்டம்பரில், ஓய்வுக்கால சேமிப்பை இரண்டு பானையாகப் பிரித்து, ஒன்றிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை பணம் எடுக்க விடும் ‘டூ-பாட்’ முறை வந்ததும், சேமிப்புப் பானையில் இருந்த 30,000 ரேண்டை எடுத்து வீட்டுக் கூரையைச் சரிசெய்தார். வரி போக மீதிதான் கைக்கு வந்தது. 2025 மார்ச்சில் புது வரி ஆண்டு பிறந்ததும், பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்காக மறுபடி விண்ணப்பித்தார். எடுக்கும் அளவுக்குப் பணம் இல்லை என்று பதில் வந்தது. ஃபண்டுக்குப் போன் போட்டுக் கேட்டபோது அந்தப் பக்கம் இருந்த பெண், “2024 ஜூலைச் சந்தாவுக்குப் பிறகு உங்கள் கம்பெனியிலிருந்து எதுவும் வரவில்லையே” என்றிருக்கிறார்.

ஆனால் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றிலும் 825 ரேண்ட் பிடித்தம் தவறாமல் இருக்கிறது.

அலுவலகத்தில் கேட்டதற்கு, “2022 வெள்ளத்தில் மெஷின் எல்லாம் போனது, அந்தக் கடன் இன்னும் தீரவில்லை, முதலாளி சீக்கிரம் கட்டிவிடுவார்” என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். சந்தா தாமதமாவதற்குச் சம்மதிக்கிறேன், வெளியே புகார் செய்ய மாட்டேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டுமாம். முதலாளி நம்மவர். கோயில் கமிட்டியில் இருப்பவர். மகளின் நர்சிங் படிப்புக்கு முதல் வருஷக் கட்டணத்தைக் கட்டியவரும் அவர்தான்.

இதற்கு நடுவில், நிதி ஆலோசகராக இருக்கும் அண்ணன் மகன் வந்து, “வேலையை விட்டுவிடு அத்தை. ஃபண்டில் இருக்கும் நாலு லட்சத்தையும் வாங்கி எங்கள் திட்டத்தில் போடு. மாதம் 3 சதவீதம் கேரண்டி” என்று ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கையெழுத்துப் போடலாமா, வேலையை விடலாமா, முதலாளி மேல் புகார் செய்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். கடைசி வரி இது: “அவர் கொடுத்தால்தானே உண்டு? அவர் பணம்தானே?”

அன்புள்ள அக்கா,

வயதில் நீங்கள் எனக்கு மூத்தவர், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். தொழிலாளர், பென்ஷன் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். உங்கள் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற மூன்று கேள்விகளும் அந்த வரியிலிருந்து கிளம்பியவை.

அது அவர் பணம் இல்லை. 825 ரேண்ட் நீங்கள் உழைத்துச் சம்பாதித்த சம்பளம். உங்கள் கைக்கு வராமல், உங்கள் பேரில் ஃபண்டுக்குப் போவதற்காக நடுவில் ஒரு நிமிஷம் அவர் கையில் நிற்கிறது, அவ்வளவுதான். அவர் போட வேண்டிய மற்ற 825-உம் அவர் மனசு வைத்துத் தரும் போனஸ் கிடையாது. ஃபண்டின் விதிகளின்படி உங்கள் வேலைக்குச் சேர வேண்டிய ஊதியத்தில் அதுவும் ஒரு பகுதி. 2024 ஆகஸ்டிலிருந்து 2025 மே வரை பத்து மாதம். உங்கள் பங்கு 8,250, அவர் பங்கு 8,250, மொத்தம் 16,500 ரேண்ட் நிற்கிறது. வட்டி தனி.

இந்த நாட்டின் 1956-ஆம் ஆண்டு பென்ஷன் ஃபண்ட் சட்டத்தில் 13ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எந்த மாதத்துக்கான சந்தாவோ அந்த மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் அது ஃபண்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. தாமதமானால் வட்டியோடு கட்ட வேண்டும். கட்டாமல் விடுவது குற்றம். ஒரு கோடி ரேண்ட் வரை அபராதம், பத்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. கம்பெனி என்ற பெயருக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. கம்பெனியின் நிதி நிர்வாகத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் டைரக்டர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளம் வந்தது உண்மைதான். 2022 ஏப்ரலில் நம் பக்கம் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும். எத்தனையோ பட்டறைகள் சேற்றில் மூழ்கின. ஆனால் அந்தக் கடனை அடைக்க உங்கள் 825 ரேண்டைத் தொடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்தவர் இல்லை. கேட்காமலே உங்களிடமிருந்து கடன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தாளில் கையெழுத்து

வேண்டாம். அவசரப்படுத்தினால், “வீட்டில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். தாளை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டால், பெயருக்குப் பக்கத்திலேயே “பெற்றுக்கொண்டேன், சம்மதம் இல்லை” என்று உங்கள் கையால் எழுதித் தேதி போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் விதித்த கடமையிலிருந்து முதலாளியை ஒரு தொழிலாளியின் கையெழுத்து விடுவிக்காது. அப்படியானால் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நாளைக்கு விசாரணை என்று வரும்போது, “இவங்களே ஒத்துக்கிட்டாங்களே” என்று மேஜை மேல் வைக்க அவர்களுக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும். அந்தக் காகிதத்தை மறுத்துப் பேசுவதிலேயே மாதக்கணக்கில் போய்விடும். அதோடு, உங்கள் கீழ் வேலை செய்யும் பதினாலு பேரிடமும் அதே தாளை நீட்டும்போது, “சூப்பர்வைசரே போட்டுட்டாங்க” என்று சொல்லித்தான் வாங்குவார்கள். உங்களிடம் முதலில் வந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி

உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லாத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. நிறுவனம் போடும் பங்கு முழுவதும் உங்கள் சேமிப்பில் சேர்வதில்லை. அதிலிருந்து ஒரு பகுதி நிர்வாகச் செலவுக்கும், இன்னொரு பகுதி குழுக் காப்பீட்டுக்கும் போகும். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இத்தனை வருஷச் சம்பளம், உடம்பு முடியாமல் போனால் மாதாமாதம் இவ்வளவு என்பதெல்லாம் அந்தக் காப்பீட்டிலிருந்து வருவது. சந்தா நின்றால் பிரீமியம் நிற்கும். பிரீமியம் நின்றால் காப்பீடும் நின்றுபோகலாம்.

சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கணவரின் சம்பளச் சீட்டுகள், மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொன்றிலும் பிடித்தம் இருக்கும் வரியில் அந்த மனுஷர் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பிடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு, அது போய்ச் சேருகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. அவர் திடீரென்று இறந்த பிறகு காப்பீட்டு நிறுவனம், பாலிசி ஐந்து மாதத்துக்கு முன்பே நின்றுவிட்டது என்றது. அந்தத் தொகையை அவருடைய முதலாளியிடமிருந்து வாங்க இரண்டு வருஷம் ஆனது. அதுவும் முழுதாக வரவில்லை. அந்தப் பென்சில் டிக் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது, அக்கா.

அதனால் ஃபண்டுக்கு எழுதும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: குழுக் காப்பீடு இன்று உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து இல்லை? பதிலை எழுத்தில் கேளுங்கள். உங்களுடன் வேலை செய்யும் பதினாலு குடும்பங்களுக்கும் இது தெரிய வேண்டும்.

நன்றி கெட்டவள் ஆவேனா?

உங்கள் கடிதத்தில் இந்த இடத்தில் எழுத்தே நடுங்கியிருக்கிறது. மகளின் படிப்புக்கு அவர் உதவினார். அது நல்ல காரியம். அதை மறக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உதவிக்கு ஈடாக உங்கள் பென்ஷனைத் தருவதாக நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களோடு நிற்கும் பதினாலு பேருக்கு அவர் கட்டணம் எதுவும் கட்டவில்லையே.

அவர் கோயில் கமிட்டியில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்டியல் எண்ணும் நாளில் நீங்களும் போய் உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளைத் துணியை விரித்துக் கொட்டுவார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பிரிப்பார்கள். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். சமையலுக்கு எண்ணெய் குறைகிறது என்று யாராவது அந்தத் துணியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தால் விடுவார்களா? எழுதிவிட்டு எடு என்பார்கள். அடுத்தவர் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று உங்கள் முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதாமாதம் அந்தத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தவர் அவர்.

முதலாளி நம்மவர் என்பதால் கணக்குக் கேட்கக் கூடாது என்ற பழக்கம் நம்மிடம் எப்போது வந்ததோ தெரியவில்லை. முதலில் வந்தவர்களிடம் அது இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் ஆட்களை நேட்டாலுக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிந்து 1871-இல் ஊர் திரும்பியவர்கள், இங்கே தோட்டங்களில் நடத்தப்பட்ட விதத்தைச் சென்னையில் அதிகாரிகளிடம் புகாராகச் சொன்னார்கள். அதனால்தான் 1872-இல் கமிஷன் உட்கார்ந்தது, குடியேறிகளுக்கென்று ஒரு பாதுகாப்பு அதிகாரியும் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். கடல் தாண்டிப் போய்க் கேட்டார்கள்.

வேலையை விட்டால் என்ன ஆகும்?

இப்போது விடாதீர்கள். ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

நீங்களாக ராஜினாமா செய்தால் யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் பொதுவாகக் கிடைக்காது. புகார் செய்ததற்காக உங்களை அவர்கள் வெளியே அனுப்பினால், தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த வழி ரொம்பக் குறுகிப்போகும். உள்ளே இருக்கும்வரைதான் சம்பளச் சீட்டும், உடன் வேலை செய்பவர்களும், கேட்கும் பலமும் உங்களுக்கு இருக்கும்.

அடுத்தது வரி. அண்ணன் மகன் இதைச் சொன்னாரா என்று பாருங்கள். ஃபண்டிலிருந்து வேலையை விட்டதற்காகப் பணம் எடுப்பதும், ஓய்வு பெற்று எடுப்பதும் வரிக் கணக்கில் ஒன்றில்லை. 2023 மார்ச் முதல் இருக்கும் அட்டவணைப்படி, ஓய்வு என்று மொத்தமாக எடுக்கும் தொகையில் வாழ்நாளில் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரி இல்லை. வேலையை விட்டு எடுத்தால் 27,500 வரைக்கும்தான் விலக்கு. அதற்கு மேலே 18 சதவீதத்தில் தொடங்கும். உங்கள் நாலு லட்சத்தையும் ராஜினாமா என்று எடுத்தால் 67,050 ரேண்ட் வரி போகும். கைக்கு வருவது 3,32,950. அதோடு, இப்போது எடுத்த தொகை பிற்காலத்து ஐந்தரை லட்சம் விலக்கையும் தின்றுவிடும். உங்களுக்கு 57 வயது. 55-க்கு மேல் முன்கூட்டியே ஓய்வு பெறப் பெரும்பாலான ஃபண்டுகளின் விதியில் இடம் உண்டு. உண்மையிலேயே வேலையை விட வேண்டிய நாள் வந்தால், படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறீர்கள் என்பதில் அறுபதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். ஓய்வு என்றால் மொத்தத்தையும் ரொக்கமாக வாங்க முடியாமல் போகலாம். 2021 மார்ச்சுக்குப் பிறகு சேர்ந்ததில் ஒரு பங்கை மாதாமாதம் வரும் ஆண்டுத்தொகையாக மாற்ற வேண்டியிருக்கலாம். சிலருக்கு அது தொந்தரவாகத் தெரியும். எனக்கு அது ஒரு காவல்.

வேலையை விட்டால் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றும் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அதே ஃபண்டில் அப்படியே விட்டுவைக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் உறுப்பினருக்கு எல்லா வழிகளையும் விளக்கிச் சொல்ல ஃபண்டே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2019 மார்ச் முதல் விதி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்க மாட்டார்கள். அண்ணன் மகனுக்குப் பதில் சொல்வதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாதம் மூன்று சதவீதம்

நாலு லட்சத்துக்கு மாதம் 3 சதவீதம் என்றால் 12,000 ரேண்ட். உங்கள் சம்பளத்தைவிட அதிகம். உட்கார்ந்த இடத்தில் சம்பளத்தைவிட அதிகமாக வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரி போன பிறகு போடப்போவது 3,32,950-தான். அதற்கே மாதம் பத்தாயிரம்கூட முழுதாக வராது. முதல் கணக்கிலேயே தவறு இருக்கும்போது மற்றதை எப்படி நம்புவது? வருஷத்துக்கு 36 சதவீதத்தைக் கேரண்டியாகத் தரக்கூடிய நேர்மையான முதலீடு இந்த நாட்டில் இல்லை. அப்படிச் சொல்லும் திட்டங்களில், பின்னால் வருகிறவர் போடும் பணத்தைத்தான் முன்னால் வந்தவருக்கு வட்டி என்று கொடுக்கிறார்கள். முதல் ஆறு மாதம் சரியாக வரும். அதைப் பார்த்துத் தங்கையும் மைத்துனரும் போடுவார்கள்.

அந்தப் பையன் ஏமாற்றுக்காரன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் பணம் ஃபண்டிலேயே இருந்தால் அவனுக்குக் கமிஷன் இல்லை, வெளியே நகர்ந்தால்தான் உண்டு. நல்ல ஆலோசகர் இதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்வார். நிதி ஆலோசகர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும், 2002-இல் வந்த ஃபைஸ் சட்டப்படி அவர் உங்கள் வயது, வருமானம், கடன், ரிஸ்க் தாங்கும் சக்தி எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். இந்தத் திட்டம் உங்களுக்கு ஏன் பொருந்தும் என்று எழுத்தில் ஓர் ஆலோசனைப் பதிவும் தர வேண்டும். அவரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். உரிம எண் என்ன? கமிஷன் எவ்வளவு? ஆலோசனைப் பதிவு எங்கே? எண் கிடைத்ததும் நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ.வுக்குப் போன் செய்து, அந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா, இந்த வகைத் திட்டத்தை விற்க அதில் அனுமதி உண்டா என்று கேட்டுவிடலாம்.

உரிமம் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபிடென்ஷியா நிறுவனத்திடம் உரிமம் இருந்தது. சுரங்கத்தில் இறந்தவர்களின் மனைவி, பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளையில் வைத்திருந்த நூறு கோடி ரேண்டுக்கு மேற்பட்ட பணம் அதன் கைக்குப் போனது. 2007-இல் அரசு தலையிட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும்போது பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. உங்களைப் போல, யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களின் பணம்தான் அது. அண்ணன் வீட்டு உறவு கெடுமே என்று பயந்தால் என் மேல் பழியைப் போடுங்கள். “வக்கீல் வேண்டாம்னு சொல்லிட்டார்” என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி என்ன செய்வது

முதலில், 2024 ஆகஸ்டிலிருந்து இன்றுவரை வந்த சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி நகல் எடுங்கள். ஃபண்டிடமிருந்து உங்கள் கணக்கின் சந்தா விவரத்தை மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

பிறகு நிறுவனத்துக்கும் ஃபண்டுக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் கொடுங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: “2024 ஆகஸ்ட் முதல் என் சம்பளத்தில் மாதம் 825 ரேண்ட் பிடிக்கப்பட்டது. ஃபண்டின் பதிவில் அது வரவில்லை. நிறுவனத்தின் பங்கும் வரவில்லை. பாக்கியை வட்டியோடு எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள், என் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.” குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். ஈமெயிலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

ஃபண்டையும் விட்டுவிடாதீர்கள். பாக்கி விழுந்தால் துரத்திக் கேட்பதும், எஃப்.எஸ்.சி.ஏ.வுக்குத் தெரிவிப்பதும் அதன் அறங்காவலர்களின் கடமை. பத்து மாதமாக உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் இருந்தது ஏன் என்று கேளுங்கள். நன்றாக நடத்தப்படும் ஃபண்டில் இரண்டாவது மாதமே உறுப்பினருக்குத் தகவல் போயிருக்கும். போன் எண் மாறியதும் புதிய எண்ணைக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்கலாம். அதையும் சரிபார்த்து வையுங்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜூடிகேட்டரிடம் போகலாம். இந்த மாதிரிப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதற்கென்றே சட்டம் ஏற்படுத்திய அலுவலகம் அது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. என் தொழிலுக்கு எதிராகத்தான் சொல்கிறேன், இதற்கு என்னைப் போன்றவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த அலுவலகத்தின் தீர்ப்புக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. தவறு நடந்து மூன்று வருஷத்துக்குள் புகார் போக வேண்டும். யாராவது நேராகக் கோர்ட்டுக்குப் போகச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அதே விஷயம் கோர்ட்டில் ஏற்கெனவே இருந்தால் அட்ஜூடிகேட்டர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

மூன்று வருஷம் இருக்கிறதே என்று ஆற அமரச் செய்யும் காரியம் இல்லை இது. கம்பெனி மூடப்பட்டால் பாக்கிச் சந்தாவுக்குச் சட்டத்தில் முன்னுரிமை உண்டு, ஆனால் அதன் உச்சவரம்பு ரொம்பச் சிறியது. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால்தான் கிடைக்கும். முதலாளிக்கும் அதுவே நல்லது. அவர் தானாகவே ஃபண்டிடம் போய், இவ்வளவு பாக்கி, இத்தனை தவணையில் வட்டியோடு கட்டுகிறேன், இந்த மாதத்திலிருந்து நடப்புச் சந்தா தவறாது என்று எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தைக் கொடுக்கப் போகும்போது இதையும் சொல்லுங்கள். 23 வருஷம் அவரோடு வேலை பார்த்த ஒருத்தர் சொன்னால் அவர் காதில் ஏற வாய்ப்பு உண்டு.

பதினாலு பேரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அவரவர் சீட்டோடு அவரவர் பெயரில் எழுதட்டும். ஒருவர் எழுதினால் வேலையைப் பற்றிப் பயம் வரும், பதினைந்து பேர் எழுதினால் அவ்வளவு வராது. இதற்காக உங்களை வேலையைவிட்டு எடுத்தால், 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ.வில் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டம் தந்த உரிமையைக் கேட்டதற்காக எடுத்தால் அது ‘தானாகவே நியாயமற்ற பணிநீக்கம்’ என்று வாதிட இடம் உண்டு. அந்த வாதம் ஏற்கப்பட்டால் 24 மாதச் சம்பளம் வரை நஷ்ட ஈடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். 2002-இல் சேர்ந்தபோது நிரப்பிய வாரிசுப் படிவத்தில் காலமான உங்கள் அம்மாவின் பெயர்தான் இன்னும் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள். அந்தப் படிவத்தில் எழுதியவருக்கே எல்லாம் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். உங்களை நம்பி யார் யார் இருந்தார்கள் என்று அறங்காவலர்கள் விசாரித்துத்தான் பிரிப்பார்கள். கணவர், மகள், நீங்கள் வளர்க்கும் பேத்தி மூவரையும் எழுதுங்கள். பேத்தியின் செலவை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்பதற்குப் பள்ளிக் கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஃபண்டிலிருந்து காப்பீடு பற்றிய பதில் வராவிட்டால் மறுபடி போன் செய்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். முப்பதாவது நாள் முடிந்ததும் நகல்களோடு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அட்ஜூடிகேட்டருக்கான படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்கிறேன்.